தாங்கு எண் தொண்ணூற்றேழு

பெட்டி பழுது என்று புகார் வந்தால், பெட்டியைப் பார்ப்பதற்கு முன் நான் வீட்டுக்காரர்களைப் பார்ப்பேன். இருபது வருட அனுபவம் அது. பத்து வீட்டில் ஒன்பதில் பெட்டி நன்றாகத்தான் இருக்கும், பழுது வேறு எங்காவது இருக்கும். தோட்டப்பாளையத்தில் விக்னேஷ் என்பவர் வீட்டுக்குக் காலை ஆறு மணிக்குப் போனபோதும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். அந்த வீட்டில் மூன்று நாளைக்கு முன் ஒரு சாவு விழுந்திருந்தது.

பெட்டியின் முழுப் பெயர் அறைவாரிக் குளிர்ப் பகிர்வி. குளிர் வாரியம் வைத்த பெயர். வேலூரில் அந்தப் பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் விளங்காது. பங்கு பிரிக்கிறது, எப்படிப் பிரித்தாலும் வீட்டில் யாருக்காவது வயிறு எரிகிறது, ஆகவே ஜனங்கள் அதற்குப் ‘பங்காளி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். வெயில் ஐம்பது டிகிரியைத் தொட ஆரம்பித்த பிறகு, இருக்கிற மின்சாரத்தில் எல்லா வீட்டின் எல்லா அறைகளுக்கும் குளிர் தர முடியாது என்று ஆகிவிட்டது. வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரு பங்கு வரும். அதில் எந்த அறைக்கு எவ்வளவு விடுவது என்று முடிவு செய்வது பங்காளியின் வேலை. பங்காளியை மாட்டுவதும் பராமரிப்பதும் என் வேலை. என் பெயர் முகுந்தன். ஊரில் பாதிப் பெட்டிகள் என் கையால் மாட்டியவை.

செத்துப்போனது விக்னேஷின் மனைவி ஜனனி. ஐம்பத்தெட்டு வயது. சமையலறைத் தரையில் கிடந்தாளாம்.

"பெட்டிதான் சார் அவளைக் கொன்னுது" என்றார் விக்னேஷ். "எங்க ரூம்ல நல்லாத்தான் காத்து வந்துகினு இருந்தது. சமையல்கட்டுல மட்டும் சுத்தமா அடைச்சு வெச்சிருக்குது. எழுதிக்குங்க. வாரியத்து மேல கேஸ் போடப் போறேன்."

என் கருவியை இணைத்துப் பார்த்தேன். பெட்டிக்கு ஒரு குறையும் இல்லை.

"சார், ஜனனியம்மாவோட தாங்கு எண் தொண்ணூத்தி நாலு" என்றேன்.

"அப்படின்னா?"

"ஒருத்தர் எவ்வளவு சூடு தாங்குவாருன்னு பெட்டி போடற மார்க்கு. தினம் ரெண்டு மணிக்குக் கையில கட்டியிருக்கற பட்டையில கேக்குதில்ல, ‘இன்றைய சூடு எப்படி இருந்தது’ன்னு? சூடா இருக்குன்னா எண் இறங்கும். பரவாயில்லன்னா ஏறும். எண் ஏறினவங்க இருக்கற அறைக்குக் குளிர் கம்மி. மிச்சம் மத்த அறைக்குப் போகும்."

விக்னேஷ் என்னையே பார்த்தார். "அவளுக்கு எப்பவுமே வெயில் அவ்வளவா தெரியாது சார்" என்றார், கொஞ்சம் குரல் தணிந்து.

உடம்புச் சூட்டை அளக்கிற பட்டையை எல்லாருக்கும் கொடுக்க முடியாது என்று வாரியம் ஆரம்பத்திலேயே கைவிட்டுவிட்டது. பட்டை சொல்வதெல்லாம், யார் எந்த அறையில் இருக்கிறார் என்பது மட்டும்தான். மற்றதெல்லாம் வாய்வார்த்தை. அந்த வாய்வார்த்தை பத்து நாளைக்குப் பெட்டியில் சேமிப்பில் இருக்கும். சாவு விசாரணை என்றால் அதைப் போட்டுக் காட்ட வேண்டும் என்பது விதி. போட்டேன்.

"பரவாயில்ல." அது முதல் நாள். "பரவாயில்லம்மா." பெட்டியையும் அம்மா என்று அழைத்திருக்கிறாள், மகராசி. "இன்னிக்கும் பரவாயில்ல." கடைசி நாள் பதிலில் நாக்கு குழறியது. பாதி வார்த்தைதான் வந்தது. பெட்டி அதையும் புரிந்துகொண்டு நன்றி சொல்லியிருந்தது.

மருமகள் பிரகதி கதவோரம் நின்றிருந்தாள். மாமனார் முகத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே போன பிறகு என் பக்கத்தில் வந்தாள்.

"சார், அத்தை ஏன் ஹாலுக்கே வராம இருந்தாங்கன்னு அப்ப புரியல. அவங்க உள்ள வந்து உக்காந்தா அஞ்சு நிமிஷத்துல ஏசி குறைஞ்சிடும். என் பொண்ணு சின்னது, ‘பாட்டி வெளிய போ, சூடாவுது’ன்னு கத்தும். நானும் ஒரு நாள் சொல்லிட்டேன் சார். சிரிச்சுகினே எழுந்து போயிட்டாங்க."

ஒரு அறையில் நாலு பேர் இருந்தால் அந்த நாலு பேருடைய எண்களின் சராசரிதான் அந்த அறையின் கணக்கு. நியாயமான ஏற்பாடு என்று இருபது வருடமாக வீடு வீடாகச் சொல்லியிருக்கிறேன். தொண்ணூற்று நாலு உள்ளே வந்து உட்கார்ந்தால் சராசரி ஏறும், குளிர் இறங்கும். அவள் இருப்பதே அந்த அறையைச் சூடாக்கும். இதை ஒரு தடவைகூட இந்தக் கோணத்தில் யோசித்ததில்லை என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வாரிய அலுவலகம் காலை பத்து மணிக்கு மூடிவிடும். ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தேன். என் மேலதிகாரி நித்திலன் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், நல்ல மாதிரி. அறிக்கையைப் படித்துவிட்டு மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

"இந்த மாசம் இது ஒன்பதாவது சார். ஒன்பதும் பொம்பளைங்க. ஒன்பதும் சமையல்கட்டு."

"தெரிஞ்சுமா சும்மா இருக்கீங்க?"

"என்ன பண்ணச் சொல்றீங்க? பெட்டி கேக்குது, அவங்க பதில் சொல்றாங்க. அவங்க சொல்றது பொய்யின்னு பெட்டி எப்படி முடிவு பண்ணும்?"

"எண்பதுக்கு மேல யாருக்கும் ஏறக் கூடாதுன்னு ஒரு வரம்பு போடுங்க. ஒரு மணி நேர வேலை."

நித்திலன் எழுந்து கதவைச் சாத்தினார். "போடலாம். போட்டா என்ன ஆகும்னு பாத்துட்டோம் சார். இவங்க வேண்டாம்னு சொல்றதாலதான் வீட்டுப் பங்கைக் கம்மியா வெச்சு, வேலூர் மொத்தத் தேவையில நூத்துக்குப் பன்னெண்டு மிச்சம் புடிக்கிறோம். அந்தப் பன்னெண்டை நம்பித்தான் புது நகர்ல ரெண்டாயிரம் வீட்டுக்கு இணைப்பு குடுத்திருக்கோம். நாளைக்கு எல்லாப் பொம்பளைங்களும் உண்மையைச் சொல்லிட்டாங்கன்னு வைங்க. மூணு மணிக்கு மொத்த ஊருக்கும் கரண்ட் போயிடும். ஆஸ்பத்திரி உட்பட. அப்ப ஒன்பதோட நிக்குமா?"

"அப்ப அவங்க பொய் சொல்றாங்கன்னு தெரிஞ்சே கணக்கு போட்டிருக்கீங்க."

"எங்கம்மாவோட தாங்கு எண் எண்பத்தெட்டு சார்" என்றார் நித்திலன்.  நான் கிளம்பும்போது, "நாளையில இருந்து நாலு நாள் சிவப்பு அறிவிப்பு. ஐம்பத்திரண்டு வரைக்கும் போகுமாம். வீட்டுல ஜாக்கிரதையா இருங்க" என்றார்.

சிவப்பு அறிவிப்பு என்றால் காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை தெருவில் வண்டி ஓடக் கூடாது. சக்கரம் வெடித்து, ஓட்டுநர் மயங்கி, நடுரோட்டில் ஆட்கள் செத்துப்போன பிறகு வந்த உத்தரவு.

காகிதப்பட்டறையில் என் வீடு. முன்னறை, ஒரு படுக்கையறை, சமையலறை. நானும் என் மனைவி ஹரிணியும்தான். இரண்டு மாதமாக மகள் நறுமுகையும் இருக்கிறாள். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு வந்தவள், இப்போது எட்டு மாதம். கர்ப்பிணிக்கு உரிய கூடுதல் குளிர் அவள் பெயர் பதிந்திருக்கிற புருஷன் வீட்டுக்குத்தான் போகும். மாற்றிக் கொடுங்கள் என்றால் சம்பந்தியம்மா, "நாலு மாசம் ஆவும்ங்கறாங்க, அதுக்குள்ள மருமக இங்கயே வந்துடுவாளே" என்றார். அந்த அம்மாள் வீட்டில் இப்போது போர்வை போர்த்திக்கொண்டு தூங்குவார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் என் மகள் விருந்தாளிக் கணக்கு. பங்கு அதே பங்கு, ஆள் மட்டும் ஒன்று கூட.

குளித்துவிட்டு முன்னறையில் நறுமுகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சில்லென்று இருந்தது. ஹரிணி சாப்பாட்டுத் தட்டோடு வந்து, நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நின்றபடி கையை நீட்டினாள். கால் உள்ளே வைக்கவில்லை.

எத்தனை வருடமாக இப்படித்தான் நீட்டிக்கொண்டிருக்கிறாள் என்று யோசித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் பெட்டி மாட்டிய நாளிலிருந்து, மூன்று வருடம் இருக்கும். நான் அதை அவளுடைய பழக்கம் என்று நினைத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், எனக்குக் காட்டுகிற மரியாதை என்றுகூட ஒரு நினைப்பு. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு என் வீடே தெரியவில்லை.

தட்டைத் தள்ளி வைத்தேன். இரண்டு மணி ஆவதற்குக் காத்திருந்து, சமையலறை வாசலில் போய் நின்றேன். ஹரிணி ஒரு முக்காலியில் உட்கார்ந்து, இரண்டு காலையும் ஒரு வாளித் தண்ணீரில் விட்டிருந்தாள். கழுத்தில் ஈரத்துண்டு. அந்த வாளி தரை துடைக்க என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அவள் பட்டை ஒலித்தது.

"வணக்கம். இன்றைய சூடு உங்களுக்கு எப்படி இருந்தது?"

"பரவாயில்ல" என்றாள் ஹரிணி.

கருவியை எடுத்து அவள் எண்ணைப் பார்த்தேன். தொண்ணூற்றேழு. வேலூரிலேயே இவ்வளவு பெரிய எண்ணை நான் பார்த்ததில்லை.

"உன் எண் எவ்வளவுன்னு தெரியுமா உனக்கு?" என்றேன்.

"எண்ணெல்லாம் தெரியாது. மேலதான் இருக்கும். ஏத்திகினுதானே இருக்கேன்."

"ஏத்திகினு இருக்கியா?"

"ஏன் இப்படி முழிக்கறீங்க? பெட்டி மாட்டின பத்து நாள்லயே தெரிஞ்சு போச்சு. நான் பரவாயில்லன்னா மறுநாள் உங்க ரூம் குளிருது. நீங்க அப்ப வெயில்ல வேலை செஞ்சுட்டு வந்து மயக்கம் போட்டு விழுந்துகினு இருந்தீங்க. அதான் ஏத்தினேன். இப்ப பாப்பாவுக்காக இன்னும் கொஞ்சம் ஏத்தினேன்."

"ஹரிணி, இன்னிக்கு ஒரு வீட்டுக்குப் போய்ட்டு வந்தேன். அந்தம்மா இப்படித்தான்..."

"தோட்டப்பாளையம் ஜனனிதானே? தண்ணி லாரிகிட்ட சொன்னாங்க." வாளியைப் பார்த்தபடி சொன்னாள். "அவங்களுக்கும் தெரியும்ங்க. எல்லாப் பொம்பளைக்கும் தெரியும். எத்தினி நாள் சொன்னா எவ்வளவு குளிர் அந்தப் பக்கம் போவும்னு லாரி வரிசையில நின்னுகினு கணக்கு பேசுவோம். உங்களுக்குத்தான் தெரியாது."

 பெட்டி அவர்களைத் தப்பாகப் புரிந்துகொண்டது என்று காலையிலிருந்து கொதித்துக்கொண்டிருந்தேன். அவர்களோ பெட்டியை என்னைவிட நன்றாகப் படித்திருந்தார்கள். வாத்தியார் வீட்டுப் பிள்ளை மக்கு என்றால், என் வீட்டில் வாத்தியாரே மக்கு.

"நாளைக்கு ஐம்பத்திரண்டு டிகிரி. நீ செத்துப் போயிடுவ. இன்னியில இருந்து சூடா இருக்குன்னு சொல்லு" என்றேன்.

"சொன்னா உடனே எறங்கிடுமா?"

இறங்காது. எண்ணை ஏற்றுவதற்கு ஒரு நாள் போதும். இறக்குவதற்கு ஏழு நாள் தொடர்ந்து சொல்ல வேண்டும். கொடுக்கிறபோது ஏழு தடவை யோசிப்பதும் எடுக்கிறபோது யோசிக்காததும் அரசாங்கத்துக்குப் புதிதா என்ன?

"பட்டையைக் கழட்டிட்டு உள்ள வந்து உக்காரு" என்றேன், தொழில் மறந்து.

"பட்டை தோலை விட்டு வெலகினா ஆளே வீட்டுல இல்லன்னு என் பங்கும் போயிடும். நீங்க சொன்னதுதான்." அவள் சிரித்தாள். "எட்டு மாசம் தாண்டிடட்டும்ங்க. உள்ள இருக்கறது சூடு தாங்காதாம். டாக்டரம்மா சொன்னாங்க. எனக்கு ஒண்ணும் ஆவாது."

அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று என்னால் நம்ப முடியவில்லை. தவறான பதிவைத் திருத்துவதற்கென்று ஊழியர்களுக்கு ஒரு சாவி கொடுத்திருக்கிறார்கள். அதை வைத்து ஒரு வீட்டுக்கு ஒரே ஒரு தடவை, இரண்டு பேருடைய எண்களை இடம் மாற்றலாம். என் எண் முப்பத்தொன்று. முன்னறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து, என் எண்ணை ஹரிணிக்கும் அவள் எண்ணை எனக்கும் மாற்றினேன். ஹரிணி வாசலில் நின்று கத்தினாள். நானும் கத்தினேன். முப்பது வருடத்தில் அவ்வளவு சத்தமாக நாங்கள் சண்டை போட்டதில்லை. "அம்மாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீதான் பொறுப்பா?" என்று நறுமுகையைப் பார்த்துக்கூடக் கத்தினேன். அந்தப் பெண் என்ன செய்யும்? வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதது.

மறுநாள் சிவப்பு அறிவிப்பின் முதல் நாள். ஹரிணியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் முன்னறையில் மகள் பக்கத்தில் உட்கார வைத்தேன். அறை குளிர்ந்தது. நான் ஒரு நிமிடம் நின்றேன். காற்றோசை இறங்குவது காதில் கேட்டது. வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

சமையலறை மேற்கு பார்த்தது. பதினோரு மணிக்கு நாற்பத்தாறு. அடுப்பு பற்ற வைக்காமலே பாத்திரம் சுட்டது. சோறு வடித்து, பருப்பை வேகவைத்து, நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நின்று தட்டை நீட்டினேன். ஹரிணி அதை வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. வாளியில் கால் விட்டுக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தேன். அரை மணியில் தண்ணீர் வெந்நீர் ஆகிவிட்டது. தலைக்குள் யாரோ இடிப்பது போல ஒரு வலி, பிறகு வலிகூட இல்லாமல் ஒரு தூக்கம். இந்தத் தூக்கத்தில்தான் ஜனனி போயிருப்பாள் என்று தோன்றியபோது பயந்துபோய் எழுந்து தலையில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டேன். இதில் மூன்று வருடம் இருந்திருக்கிறாள்! நான் உள்ளே உட்கார்ந்து, உப்புக் குறைவு என்று சொல்லியிருக்கிறேன்.

இரண்டு மணிக்குப் பட்டை கேட்டது. உண்மையைச் சொல்லத்தான் வாய் வந்தது. சூடு என்று சொல்லப்போனால் ஏழு நாளில் என் எண் இறங்கி, அந்தக் குளிர் அவர்கள் அறையிலிருந்து அல்லவா வரும் என்று நினைத்தேன்.

"பரவாயில்ல" என்றேன்.

சொல்வதற்கு எவ்வளவு சுலபமாக இருந்தது என்பதுதான் ஆச்சரியம். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டாம் நாள் பதினோரு மணிக்கு மூன்று பேருடைய பட்டைகளும் ஒன்றாக ஒலித்தன.

"வணக்கம். உங்கள் வீட்டில் அனைவரும் வசதியாக இருப்பதாகத் தெரிவித்துள்ளீர்கள். தேவைக்கு மேல் உள்ள குளிர் பொதுப் பங்கில் சேர்க்கப்படுகிறது. உங்கள் பெருந்தன்மைக்கு நன்றி."

முன்னறையில் காற்று நின்றது. கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். ஹரிணியும் நறுமுகையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"நேத்து நீ என்ன சொன்ன?" என்று ஹரிணியைக் கேட்டேன்.

"நீங்க அங்க வெந்துகினு இருக்கும்போது நான் வேற என்ன சொல்லுவேன்?"

"பாப்பா, நீ?"

"நீங்க சண்டை போட்டதெல்லாம் கேட்டுச்சேப்பா" என்று நறுமுகை அழ ஆரம்பித்தாள். "என்னாலதானே எல்லாம்? அம்மாவுக்குக் கொஞ்சம் சேரட்டும்னு பரவாயில்லன்னு சொல்லிட்டேன். ஒரு நாள்தானேன்னு..."

அந்த விதி எனக்குத் தெரியும். கையேட்டில் பதினேழாம் பக்கம். ஒரு வீட்டில் எல்லாருமே ஒரே நாளில் பரவாயில்லை என்று சொன்னால், அந்த வீட்டுக்கு அவ்வளவு பங்கு தேவையில்லை என்று பொருள். பயிற்சி வகுப்பில் புது ஆட்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். ஆனால் இருபது வருடத்தில் அது எந்த வீட்டிலும் நடந்து நான் பார்த்ததில்லை. எந்த வீட்டிலும் யாராவது ஒரு ஆள் சூடு என்று சொல்லிவிடுவான். எங்கள் வீட்டில் இத்தனை நாளும் அந்த ஆள் நான்தான். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்று சொல்லிச் சிரிக்கிற விஷயமா இது?

நித்திலனை அழைத்தேன். "சார், சாவியை ஏற்கெனவே பயன்படுத்திட்டீங்க" என்றார். "மேல கேட்டுப் பாக்கறேன். ஆனா இது உங்களுக்கே தெரியும். ஏழு நாள்." தெருக்கோடியில் இருக்கிற பொதுக் குளிர்க்கூடம் காலை ஒன்பதுக்கே நிரம்பிவிட்டது. அவசர எண்ணில் எனக்கு முன்னால் முன்னூற்றுப் பத்துப் பேர் இருப்பதாக ஒரு குரல் சொன்னது. வண்டிகள் நின்று ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

ஈரப் புடவைகளைச் சன்னலில் கட்டினோம். நறுமுகையைத் தரையில் படுக்க வைத்து மாற்றி மாற்றித் துடைத்தோம். அறை நாற்பத்து மூன்று, பிறகு நாற்பத்தைந்து. வெகுநாளைக்குப் பிறகு மூன்று பேரும் ஒரே அறையில் இருந்தோம். வருவதற்கு இனிமேல் யாருக்கும் தடையில்லை, குறைவதற்குக் குளிரும் இல்லை.

இரண்டு மணிக்குப் பட்டை கேட்டது. நான் முதலில் சொன்னேன். "சூடா இருக்கு." நறுமுகை சொன்னாள், "தாங்க முடியல." ஹரிணி பட்டையை வாயருகே கொண்டுபோனாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பழக்கமில்லாத வேற்று மொழிச் சொல்லைத் தேடுகிறவள் போல இருந்தாள். "சொல்லும்மா" என்று கெஞ்சினாள் நறுமுகை.

"எனக்கு... சூடா இருக்கு. ரொம்ப வருஷமா சூடா இருக்கு" என்றாள் ஹரிணி. உடனே தப்புச் செய்துவிட்டவள் போல எங்கள் முகத்தைப் பார்த்தாள்.

"நன்றி. இதே நிலை ஏழு நாட்கள் நீடித்தால் உங்கள் பங்கு உயர்த்தப்படும்" என்றது பட்டை.

மூன்று மணிக்கு நறுமுகை பேசுவதை நிறுத்தினாள். கண் திறந்துதான் இருந்தது. வலது கை வயிற்றின் மேல் ஓரிடத்தில் அழுந்தியிருந்தது.

"பாப்பா, அசையுதா?" என்று ஹரிணி கேட்டாள்.

பதில் சொல்வதற்கு முன் நறுமுகை தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். என்ன சொன்னால் அம்மா பயப்பட மாட்டாள் என்று தேடுகிற பார்வை அது. 

"அசையுதும்மா. இப்பக்கூட."

ஹரிணி அவள் கையை விலக்கிவிட்டுத் தன் உள்ளங்கையை அங்கே வைத்தாள். பிறகு வேறொரு இடத்தில் வைத்தாள். பிறகு காதை வைத்தாள்.  

"ஏங்க," என்று நிமிர்ந்தாள். அவள் குரலே இல்லை அது. "எனக்கு வண்டி வேணும். இப்பவே வேணும். எங்கிருந்தாவது கொண்டாங்க."

கல்யாணமாகி முப்பது வருடத்தில், எனக்கு வேணும் என்று அவள் என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி ஓடினேன். எங்கள் தெருவில் கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர். உத்தரவாவது மண்ணாங்கட்டியாவது, யாராவது ஒருவன் எடுத்தால் போதும். செருப்பு தாரில் ஒட்டிக்கொண்டு கழன்றது. முதல் வீட்டில் சாவி இல்லை என்றார்கள். இரண்டாவது வீடு பூட்டியிருந்தது. மூன்றாவது வீட்டில் வெகுநேரம் தட்டிய பிறகு ஒரு பெண் வந்து திறந்தாள். என் வயதுதான் இருக்கும். முகம் சிவந்து, ரவிக்கை நனைந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

விஷயத்தைச் சொன்னேன். ஐயோ என்று வாயில் கை வைத்தாள். வண்டி இருக்கிறது, சாவி அவள் புருஷனிடம் இருக்கிறது, அவர் உள்ளே தூங்குகிறார் என்றாள்.

"எழுப்புங்கம்மா, சீக்கிரம்!" என்றேன்.

அவள் மூடியிருந்த அந்த அறைக் கதவு வரை போனாள். கைப்பிடியில் கையை வைத்தாள். திறக்காமல் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்களே உள்ள போய் எழுப்புங்கண்ணா" என்றாள். "நான் போனா அவருக்குச் சூடாயிடும்."